தெருவே சேர்ந்து சித்தியைத் திட்டிய சாயங்காலம்

சவுக்குத் தோப்பில் காற்று புகுந்தால் மழை வருகிற மாதிரியே சத்தம் கேட்கும். ஒரு சொட்டு விழாது. அந்தச் சத்தத்துக்கு நடுவில் என் சித்தி மரங்களைப் பார்த்துக் கைகூப்பி, "எல்லாருக்கும் வணக்கம்" என்று சொன்னதை நான் பார்த்திருக்கிறேன். சுள்ளி பொறுக்கத்தான் போயிருந்தோம். எனக்கு எட்டு வயது. சித்தி இன்னும் கொஞ்சம் உரக்க, "எங்க தெருவுல இன்னா பிரச்சினைன்னா..." என்று தொடங்கி, நான் நிற்பதைக் கண்டதும் சிரித்துக்கொண்டே முந்தானையால் என் முகத்தை மூடிவிட்டாள். துணியில் உப்புக் காற்றும் மண்ணெண்ணெயும் மணந்தன. அது நேரில் கண்டதா, கனவில் வந்ததா என்று இப்போதும் சில நேரம் குழம்புவேன்.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே, சதுரங்கப்பட்டினம் போகிற வழியில் எங்கள் காலனி. தொண்ணூறுகளில் ஒரு வருஷம், செங்கல்பட்டிலிருந்து ஒரு தொண்டு நிறுவனத்தார் வந்தார்கள். தெருவுக்கு ஒரு பெண்ணுக்குத் தலைமைப் பயிற்சியாம். ஆறு மாதம், வாரத்தில் ஒரு நாள். யாராவது ஒருவர் பெயரைச் சொல்ல வேண்டும், தெருக்காரர்கள் எழுந்து அவளைப் பற்றிப் பேச வேண்டும், வீட்டாரும் சம்மதிக்க வேண்டும். எங்களோடு ஒரே வீட்டில் இருந்த சித்திக்குப் போக அப்படி ஓர் ஆசை. கல்பாக்கம் குடியிருப்பில் பெயிண்ட் அடிக்கப் போகும் சித்தப்பாவோ, "தெருவே ஒண்ணா சொல்லட்டும், அப்பால பாக்கலாம்" என்றுவிட்டார். எங்கள் தெரு அதுவரை எதையும் ஒன்றாகச் சொன்னதில்லை என்ற தைரியம் அவருக்கு.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தண்ணீர்த் தொட்டியடியில் கூட்டம். வெயில் மஞ்சளாகி, தொட்டியின் நிழல் தெருவையும் தாண்டி நீளமாகப் படுத்துக்கிடந்தது. சித்தியின் பெயரைச் சொன்னது என் அம்மா. சொல்லிவிட்டுச் சட்டென்று உட்கார்ந்துகொண்டாள். எங்கள் பக்கத்தில் யாரையும் முகத்துக்கு நேரே புகழ மாட்டார்கள், கண் பட்டுவிடும். கொழுகொழுவென்ற குழந்தையைக்கூட, "கருவாடு மாரி கீது" என்றுதான் கொஞ்சுவார்கள்.

நிறுவனத்திலிருந்து வந்திருந்த மேடம், "இவங்களைப் பத்திச் சொல்லுங்க" என்றார்.

எதிர்வீட்டு மீன்கார அக்கா எழுந்தாள். "இன்னாத்த சொல்றது? இவளால நிம்மதியா ஒரு கொடம் தண்ணி புடிக்க முடியாது. நான் மொதல்ல வந்து நின்னாலும், புள்ளத்தாச்சி நிக்கிறா பாருன்னு என் கொடத்தத் தூக்கி ஓரமா வெச்சிடுவா. பேஜாரு புடிச்சவ."

அடுத்து தையல்காரர். "கெழவிங்களுக்கு பென்ஷன் வரலன்னு என்னையும் தாலுகா ஆபீசுக்கு இஸ்துகினு போச்சி. அன்னிக்கி பூரா என் பொழப்பு போச்சி. கேட்டா, உங்கம்மாவுக்குந்தான வரும் நைனான்னு என்னையே மடக்குது."

மேடம் எழுதிக்கொண்டே இருந்தார். எழுத எழுதச் சித்தியின் குற்றங்கள் வளர்ந்து தொட்டி உயரத்துக்கு நிற்பதாக எனக்குத் தோன்றியது. சித்தி தலைகுனிந்து மணலில் விரலால் கோடு போட்டுக்கொண்டிருந்தாள்.

இதுதான் சமயம் என்று சித்தப்பாவும் எழுந்தார். "என் கதைய கேளுங்க. பின்னாடித் தெருவுல ஒரு பொண்ணுக்கு வலி எடுத்துச்சின்னு, ஒலையில கீற சோத்த அப்டியே வுட்டுட்டு ஓடிட்டா. நான் வந்து பாத்தா சோறு கூழாயி கீது."

யாரும் சிரிக்கவில்லை. கூட்டத்தில் ஒரு பெண், "அது என் பொண்ணுதாண்ணா" என்றாள், மெதுவாக. சித்தப்பா தோள் துண்டை உதறி மறுபடி போட்டுக்கொண்டார்.

இதற்கு மேல் பொறுக்க முடியாமல் நான் எழுந்து கத்தினேன். "எங்க சித்தி ரொம்ப நல்லவங்க! யார் வம்புக்கும் போமாட்டாங்க! வூட்ட வுட்டு எங்கியும் போமாட்டாங்க! வாயே தொறக்கமாட்டாங்க!"

தெருவே வெடித்துச் சிரித்தது.

"அய்ய, கெடுத்துச்சே குட்டி!" என்று மீன்கார அக்கா பதறினாள். "மேடம், அது பொய்யி. எழுதிடாதீங்க!"

மேடம் சிரிப்பை அடக்கிக்கொண்டு சித்தப்பாவிடம் திரும்பினார். "அனுப்புவீங்களா?"

சித்தப்பா பின்னந்தலையைச் சொறிந்தார். "வாரத்துல ஒரு நாளாச்சும் இந்தத் தெரு அமைதியா கெடக்கட்டும். போய்ட்டு வரட்டும்."

சித்தி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இத்தனை பேச்சு கேட்டவள் அழாமல் என்ன செய்வாள் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

முதல் பயிற்சி நாளன்று சித்தி செங்கல்பட்டு பஸ் ஏறினாள். "போ, போயி அங்க கீறவங்க உசுர வாங்கு" என்று ரோட்டோரம் நின்று மீன்கார அக்கா வழியனுப்பினாள். பஸ் போனதும் ரோட்டிலிருந்து திரும்பி, சித்தி பிடிக்க வேண்டிய தண்ணீரையெல்லாம் அவளே பிடித்து எங்கள் வீட்டில் நிரப்பினாள். மத்தியானம் சங்கரா மீன் குழம்பு ஒரு சட்டி கொண்டுவந்து அடுப்படியில் வைத்தாள். அந்த ஆறு மாதமும் பயிற்சி நாளென்றால் இப்படித்தான். அத்தனை பேர் நடுவில் சித்தியைப் பேசிய பாவத்தைக் கழிக்கத்தான் வருகிறாள் என்று நான் முடிவு கட்டிவிட்டேன். மன்னிக்கிற எண்ணமே எனக்கு இல்லை. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு, தட்டை மட்டும் நீட்டினேன்.