கூரைக்கு வெளியே

உலக யுத்தத்துக்குச் சில வருடங்கள் முந்திய புரட்டாசி அது. வில்லாபுரத்தில் மழையில் ஊறிய மண்சுவர் சரிந்து, அம்மாவின் அண்ணியும் அவருடைய கைக்குழந்தையும் போய்ச் சேர்ந்தார்கள். அண்ணன் அதற்கு முன்பே காலமாகியிருந்தார். இடிபாட்டிலிருந்து உயிரோடு எடுத்த எட்டு வயது மகளை அம்மா கோரிப்பாளையத்தில் எங்கள் வீட்டுக்குக் கூட்டி வந்தாள். பிள்ளை வாசலோடு நின்றுவிட்டது. கூரை உள்ள எந்த இடத்திலும் காலெடுத்து வைக்காது; வாயும் திறக்காது. சாப்பாடு, தூக்கம் எல்லாம் வாசல் வேப்பமரத்தடியில்தான். துணைக்கு அப்பா தன் கட்டிலை வெளியே போட்டுக்கொண்டார்.

எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. மூக்குக்கு மேல் கோபம் வரும். "இம்புட்டு வீம்பு ஆகாதுடி" என்று ஒருநாள் அவளை உள்ளே இழுத்துப்போட்டுக் கதவைத் தாழிட்டேன். அவள் கத்தவில்லை. இரண்டு கைகளையும் தலைமேல் கவிழ்த்துக்கொண்டு, பாவாடையிலேயே சிறுநீர் கழித்துவிட்டாள். நினைத்தால் இன்றும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

பேயோட்டக் கோடாங்கியைக் கூப்பிடலாம் என்றார்கள் சிலர். பக்கத்து வீட்டு பாயின் மனைவிதான் தடுத்தார்.

"சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்கு வருமா? பிள்ளைய வெரட்டாதீங்க. நாம வெளிய போவோம்."

வாசற்படி தாண்டாத அந்த அம்மாள், முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு முறத்தோடு மரத்தடிக்கு வந்தார். மறுநாள் எதிர்வீட்டுப் பட்டுநூல்காரப் பெண்கள் ராட்டையைத் தூக்கி வந்தார்கள். பத்தே நாளில் தெருப் பெண்கள் அரிசி புடைப்பது, பூக்கட்டுவது, வம்பளப்பது எல்லாம் அங்கேதான் என்றாகிவிட்டது. உள்ளே வா என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை. மெல்ல அவள் நூல்கண்டு எடுத்துக் கொடுக்கத் தொடங்கினாள். பேச்சு மட்டும் வரவில்லை.

ஐப்பசி நெருங்கியது. அடைமழையில் பிள்ளையை எங்கே வைப்பது என்று அம்மா தினமும் புலம்பினாள்.

ஒரு பிற்பகலில் மழை பிடித்துக்கொண்டது. முறத்தையும் ராட்டையையும் அள்ளிக்கொண்டு எல்லோரும் ஓடினோம். பிள்ளை மட்டும் எங்கள் வீட்டுச் சுவரையே பார்த்தபடி மரத்தைக் கட்டிக்கொண்டு நின்றது. உள்ளே ஓடியிருந்த அம்மா திரும்பவும் மழைக்குள் இறங்கிப் போய் அதன் பக்கத்தில் நின்றாள். பாயின் மனைவியும் போனார். இருவருமே அவளைத் தொட்டு இழுக்கவில்லை, சும்மா நனைந்தார்கள். அம்மாவுக்கு ஈரம் பட்டாலே மூச்சிழுப்பு வந்துவிடும். அன்றும் வந்தது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். நான் பயத்தில் அழுதேவிட்டேன்.

பிள்ளை அம்மாவை ஏறிட்டுப் பார்த்தது.

"உள்ள வாங்க அத்தை."

ஒரு மாதத்தில் நாங்கள் கேட்ட முதல் பேச்சு. அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, கண்களை இறுக மூடியபடி, அவள்தான் முன்னால் படியேறினாள்.