வியாழக்கிழமை நீல மாத்திரை

பள்ளியில் வியாழக்கிழமைதோறும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு நீல மாத்திரை தருவார்கள். இரும்புச்சத்தும் ஃபோலிக் அமிலமும் சேர்ந்தது. மூன்று வருஷத்தில் ஒருமுறைகூட நான் அதை விழுங்கியதில்லை. நாக்குக்கடியில் அடக்கிக்கொண்டு, டீச்சர் அடுத்த வரிசைக்குப் போனதும் ஜன்னல் வழியே துப்பிவிடுவேன். நாக்கு நீலமாகிவிடுமே என்று உடனே குழாயடிக்கு ஓடுவேன். அதில் எனக்கு எவ்வளவு பெருமை, சீ!

துப்பச் சொன்னது அம்மாதான். ஏரியில் நூறு நாள் வேலைக்குப் போன இடத்தில் யாரோ கிளப்பிவிட்டிருந்தார்கள். "அது கொயந்த பொறக்காம பண்ற மாத்திரயாம்டி. நாளைக்கி உன்ன கட்டிக்குடுத்த வூட்ல நான் இன்னா பதில் சொல்றது?" என்றாள். ரத்தத்துக்கு நல்லது என்று டீச்சர் தலைபாடாய் அடித்துக்கொண்டார். டீச்சரா அம்மாவா என்றால் எனக்கு அம்மாதான்.

கல்யாணமாகி நாள் தள்ளியபோது, கண் பட்டுவிடும் என்று இரண்டு மாதம் யாரிடமும் மூச்சுவிடவில்லை. அப்புறம் உத்திரமேரூர் ஆஸ்பத்திரிக்குப் பெயர் பதியப் போனால், நர்ஸ் பிடித்துக்கொண்டார். "ஃபோலிக் மாத்திரைய முன்னாடியே எடுக்கணும்மா. முதுகுத்தண்டு மொத மாசத்துலயே உருவாகிடும். ஸ்கூல்ல குடுக்கறதே அதுக்கும் சேத்துதானே?" கண்முன்னே அந்த ஜன்னல்தான் நின்றது.

ஐந்தாம் மாத ஸ்கேனுக்கு அம்மாவும் செங்கல்பட்டுக்கு வந்தாள். குழந்தை முதுகைக் காட்டாமல் படுத்திருக்கிறது, கொஞ்சம் நடந்துவிட்டு வா என்று டாக்டர் வெளியே அனுப்பினார். பயம் தாங்காமல் அம்மாவிடம் கத்திவிட்டேன்: "இதுக்கு எதுனா ஆச்சின்னா நீதாம்மா காரணம்!"

அம்மா சும்மா இருக்கிறவள் இல்லை. மேஸ்திரியையே வாயடைக்க வைப்பவள். அன்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "ஆமாண்டி, நான்தான். பாவி, நான்தான் துப்ப சொன்னேன்" என்றாள். பார்க்கச் சகிக்கவில்லை. ஆனாலும் சமாதானமாக ஒரு வார்த்தை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இரண்டாம் முறை குழந்தை புரண்டு கொடுத்தது. முதுகுத்தண்டு நன்றாக இருக்கிறது என்றார் டாக்டர். நான் தேம்பித் தேம்பி அழுதேன். அம்மா அழவில்லை.

என் தங்கை இப்போது அதே பள்ளியில் ஒன்பதாவது படிக்கிறாள். அடுத்த வியாழக்கிழமை சாயங்காலம் அவளிடமிருந்து ஃபோன், ஒரே அழுகை.

"மானமே போச்சிக்கா! அம்மா வேலைக்கிப் போவாம ஸ்கூலுக்கு வந்துடுச்சி. எல்லார் எதிர்லயும் வாயத் தொற, நாக்கத் தூக்குன்னு பாத்துச்சி."

"முழுங்கினியா இல்லியா?"

"முழுங்கிட்டேன். அப்பவும் போவலக்கா. டீச்சர் கையில இருந்த மாத்திரைய வாங்கிக்கினு ஒவ்வொரு பெஞ்சா போயி, 'எம் பொண்ண துப்ப வெச்சவ நான்தாண்டி. நீங்களாவது முழுங்குங்கடி கண்ணுங்களா'ன்னு கெஞ்சிக்கினு கெடந்துச்சி."