சித்தப்பாவுக்கு ஆகாத புறாக்கள்

என் சித்தப்பாவின் நோயைக் கண்டுபிடித்தது நான்தான். சேலத்து டாக்டர் கண்டுபிடித்ததாகத்தான் எங்கள் வீட்டில் சொல்வார்கள். அது முழு உண்மை அல்ல.

அப்போது எனக்கு ஒன்பது வயது. கொட்டச்சேட்டில் எங்கள் காப்பித் தோட்டம் வீட்டுக்குப் பின்னால் செங்குத்தாக ஏறும். மிளகு மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு ஓடியே ஏறுகிறவர் சித்தப்பா. அந்த வருஷம் பாதி ஏற்றத்திலேயே நின்றுவிட ஆரம்பித்தார். கேட்டால், "சும்மா வேடிக்கை பாக்கறேன் கண்ணு" என்பார். வறட்டு இருமல் வேறு. ஆஸ்துமா என்று ஒருவர் மருந்து கொடுத்தார். காசநோயோ என்று சோதித்தார்கள். அதுவும் இல்லை.

கடைசியில் சித்தியோடு சேலத்துக்குப் புறப்பட்டார். ஐஸ்கிரீமுக்காக நானும் பஸ் ஏறினேன். டாக்டர் முதுகில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டார். பீடி உண்டா, ஆலை வேலையா, தூசியா என்று விசாரித்தார்.

"ஒண்ணுமில்லீங்க. தோட்ட வேலைதானுங்க" என்றார் சித்தப்பா.

எனக்குப் பொறுக்கவில்லை. "புறாவைச் சொல்லலையே சித்தப்பா! நாப்பது புறா இருக்குதுங்க. கூண்டு இவரு படுக்கற ரூம்லதானுங்க."

சித்தப்பா என்னை முறைத்தார். டாக்டரோ நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, கூண்டை யார் கூட்டுவது என்பது வரை என்னிடமே கேட்டார்.

படம், ரத்தம் எல்லாம் பார்த்தபின், அடுத்த தடவை விளக்கினார். "நுரையீரல்ல காத்துப் பைகளுக்கு நடுவுல மெல்லிசா சவ்வு இருக்கு. புறா எச்சத்தோட தூசி இவருக்கு ஒத்துக்கல. அந்தச் சவ்வு வீங்கித் தடிச்சுப்போச்சு. தழும்பான எடம் இனித் திரும்பாது. புறாவை விட்டாத்தான் மிச்சத்தைக் காப்பாத்தலாம்."

"கூண்டை வெளிய வெச்சாப் பத்தாதுங்களா?" என்றார் சித்தப்பா.

"ஒரு இறகுகூட இருக்கக் கூடாது."

புறாக்கள் தலைச்சோலையில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக்குப் போயின. சித்தி அறையைக் கழுவிச் சுண்ணாம்பு அடித்தாள். டாக்டர் கொடுத்த மாத்திரையைத் தொடங்கி ஒரு மாதத்தில் சித்தப்பாவின் முகம் உருண்டு திரண்டது. அது மாத்திரையால் வந்த உப்பல் என்று தெரியாமல், சித்தப்பா தேறிவிட்டதாகப் பள்ளிக்கூடம் முழுக்கச் சொன்னேன்.

ஒருநாள் காலையில் இரண்டு புறாக்கள் திரும்பி வந்து ஓட்டின்மேல் உட்கார்ந்திருந்தன. சித்தப்பா துண்டால் மூக்கைக் கட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தார். அவரைக் கண்டதும் இரண்டும் தாழ இறங்கின. கீழே கிடந்த கல்லை எடுத்தவர் அப்படியே நின்றார். பிறகு அதை என் கையில் கொடுத்தார்.

"நீ அடி சாமி. எனக்குக் கை வரல."

நான் எறிந்தேன். இரண்டும் பறந்துபோயின. மறுபடி வரவில்லை.

அடுத்த தடவை டாக்டர் மூச்சை ஊதச் சொல்லிப் பார்த்துவிட்டு, நோய் அதே இடத்தில் நின்றுவிட்டது, இனி பயமில்லை என்றார். சித்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் விடவில்லை.

"இல்லீங்க டாக்டர். ஒரு சின்னக் கல்லு எறியக்கூட இவருக்கு மூச்சுப் பத்தலீங்க."

நடந்ததையெல்லாம் சொன்னேன். டாக்டர் சித்தப்பாவைப் பார்த்தார். சித்தப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இவ்வளவு முக்கியமான சேதியை டாக்டர் ஏன் சீட்டில் எழுதிக்கொள்ளவில்லை என்று எனக்கு ஒரே கோபம்.