மூடாமல் போன டயர்

அளவுக்காரர் என்று கேட்டால்தான் எங்கள் பட்டறை வரிசையில் வழி காட்டுவார்கள். சொந்தப் பெயரைச் சொன்னால் அவர் மனைவியே ஒரு நிமிடம் யோசிப்பாள். கரடுமுரடான பாதையில் ஓடுகிற ஜீப்புகளுக்குப் பெரிய டயர் மாட்டுவதும், பாடிக்கு வெளியே துருத்திக்கொண்டு நிற்கும் அந்த டயர்களை மூடுவதற்கு வீல் ஆர்ச் பொருத்துவதும் அவர் தொழில். நான் பக்கத்துக் கொட்டகையில் வண்டிகளுக்குச் சீட்டு தைக்கிறவள். நடுவில் இருப்பது ஒரு தகரத் தடுப்பு. அவர் அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கம் என் தையல் கோணும்.

மனுஷன் கெட்டவரில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், போகப் போக என் வாய் சும்மா இருக்காது.

வேலை என்று வந்துவிட்டால் அவரைப் போல ஒருவரைப் பார்க்க முடியாது. ஆர்ச்சைப் பாடியில் வைத்துப் பார்ப்பார், எடுப்பார், தள்ளி நின்று பார்ப்பார், மறுபடியும் வைப்பார். ஓட்டை விழ வேண்டிய இடத்தில் டேப் ஒட்டிப் புள்ளி வைப்பார். டிரில் போட்ட பிறகு, துரு ஏறக்கூடாது என்று ஒவ்வொரு ஓட்டைக்கும் பிரைமர் தொட்டு வைப்பார். கடைசியில் ஒரு நூலில் நட்டைக் கட்டி ஆர்ச்சின் விளிம்பிலிருந்து தொங்கவிடுவார். டயர் நூலுக்கு உள்ளே இருந்தால் வண்டி போகலாம். வெளியே மயிரிழை தெரிந்தாலும் போகக்கூடாது. "மூடாம ஒரு வண்டிய வெளிய விடமாட்டேன்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சட்டம் பேசுவார்.

"ஏன் அண்ணே, பொண்ணு பாக்கப் போனப்பவும் அளக்கிற டேப்போடதான் போனீங்களா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"போயிருந்தா உன் சினேகிதி என்னைவிட ஒரு தலை உசரம்னு அன்னிக்கே தெரிஞ்சிருக்குமே, தங்கச்சி" என்றார்.

அவர் மனைவி என் சினேகிதி. மத்தியானச் சாப்பாட்டைக் கூடையில் எடுத்துக்கொண்டு அவளே பட்டறைக்கு வருவாள். தாய் போன பிறகு தன் தம்பியைத் தூக்கி வளர்த்தவள். கல்யாணம் ஆகி வந்தபோது அந்தச் சின்னப் பையனையும் கூடவே கூட்டிக்கொண்டு வந்தாள். அளவுக்காரரும் முகம் சுளிக்காமல் சேர்த்துக்கொண்டார். ஸ்பேனர் பிடிக்கக் கற்றுக்கொடுத்தார். "மாப்ள, மாப்ள" என்று உயிரை விட்டார். அதையும் இல்லையென்று சொல்ல மாட்டேன்.

அவரிடம் ஒரே ஒரு கோளாறு. சங்கடமான பேச்சு வந்தால் கல்லுளிமங்கன் மாதிரி குனிந்து ஏதாவது ஒரு போல்ட்டை முடுக்கிக்கொண்டிருப்பார். முடுக்க போல்ட் இல்லாவிட்டால் முடுக்கிய போல்ட்டையே முடுக்குவார். இந்தக் கோளாறு ஒரு குடும்பத்தைத் தின்னும் என்று யார் கண்டார்கள்?

வளர்ந்து ஆளான தம்பி ஒரு பழைய ஜீப் வாங்கினான். அதற்குப் பெரிய டயர் நான்கையும் அளவுக்காரர்தான் மாட்டினார். வந்திறங்கிய ஆர்ச்சோ அகலம் போதவில்லை. திருப்பி அனுப்பி வேறு வரவழைக்க வேண்டும்.

"அதுவரைக்கும் வண்டி இங்கயே கிடக்கட்டும் மாமா" என்றான் தம்பி.

"இடத்த அடைச்சுக்கிட்டு நிக்குதுடா மாப்ள. வெளிய ஆளுங்க காத்துக்கிட்டு இருக்காங்க. எடுத்துட்டுப் போ, ஒண்ணும் ஆகாது. ஆர்ச் வந்ததும் கூப்பிடறேன்."

இதைத் தகரத்துக்கு இந்தப் பக்கமிருந்து என் இரண்டு காதாலும் கேட்டேன். இவரா இப்படிச் சொல்கிறார் என்று நினைத்தேன். பிறகு தையலில் மறந்துபோனேன்.

அந்த வாரமே ஒரு உறவுக்காரர் வீட்டுக்குப் போனார்கள். அக்காவும் தம்பியும் ஜீப்பில். பாப்பா பின்னால் ஸ்கூட்டரில். பாப்பா என்றால் அளவுக்காரரின் ஒரே மகள். மருந்துக் கடையில் வேலைக்குப் போகிற பெரிய பெண், ஆனாலும் எல்லோருக்கும் பாப்பா. ரோடு போடுவதற்காக ஜல்லி கொட்டியிருந்தார்கள். புழுக்கம் தாங்காமல் அவள் ஹெல்மெட் கண்ணாடியை மேலே தூக்கிவிட்டிருந்தாள். ஜீப்பின் பின்சக்கரம் ஒரு கல்லைக் கவ்வி எறிந்தது. இடது கண் போயிற்று.

ஆஸ்பத்திரி நடைவழியில் என் சினேகிதி தம்பியின் சட்டையைப் பிடித்து உலுக்கியது இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. "என் புருஷன் மூடாம ஒரு வண்டிய விடமாட்டாரு! அவரு பேச்சக் கேக்காம அவசரப்பட்டு எடுத்துட்டு வந்தியாடா பாவி!" என்று கத்தினாள். அவன் தலை நிமிரவில்லை. அளவுக்காரர் சுவரோரம் நின்றிருந்தார். இதோ சொல்லப் போகிறார், இப்போது சொல்லிவிடுவார் என்று அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் மென்று முழுங்கினார். அன்றோடு அவள் தம்பிக்கு வாசலை மூடிவிட்டாள். அவன் அனுப்பிய ஆளையும் உள்ளே விடவில்லை.

நேரே போய் அவளிடம் உள்ளதைச் சொல்லிவிடலாம் என்று கிளம்பிய என்னைத் தம்பிதான் தடுத்தான்.

"வேண்டாம்க்கா. நான் இல்லாம அக்கா இருந்துடும். மாமாவ வெறுத்துட்டு அந்த வீட்டுல எப்படி இருக்கும்? பாப்பா வேற அப்படி இருக்கு. சொல்றதுன்னா மாமாவே சொல்லட்டும். நீங்க சொல்லக்கூடாது. சத்தியம் பண்ணுங்க."

பண்ணித் தொலைத்தேன்.

பாப்பா வேலைக்குப் போவதை விட்டுவிட்டாள். டீயை ஊற்றினால் டம்ளருக்கு வெளியே கொட்டிவிடுகிறது. தூரம் சரியாகத் தெரிவதில்லை. அம்மா துடைத்துவிட்டுப் பேசாமல் வேறு டம்ளர் எடுத்து வைப்பாள். அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு வெகுகாலம் ஆகிறது. அளவுக்காரர் மட்டும் முன்னைவிட அதிகமாக அளந்தார்.

மழைக்காலம் முடிந்த பிறகு, ஒரு காலை வேளையில் அந்த ஜீப் எங்கள் வரிசைக்குள் வந்தது. தம்பி இளைத்துத் துரும்பாகியிருந்தான். ரொம்ப தூரத்தில், சாலை போடாத மலைப் பக்கம் வேலை கிடைத்திருக்கிறதாம். இனி இந்தப் பக்கம் வரப் போவதில்லை என்றான்.

"ஆர்ச் மாட்டிக்குடுங்க மாமா. மாட்டாம எடுத்துட்டுப் போகமாட்டேன்" என்றான். பிறகு என் பக்கம் வந்து மெதுவாகச் சொன்னான்: "வேற எடத்துலயும் மாட்டியிருக்கலாம்க்கா. மத்தியானம் அக்கா வரும்ல? போறதுக்கு முன்னாடி ஒரு தடவ என்கூடப் பேசணும். அதுக்குத்தான் வந்தேன்."

அகலமான ஆர்ச் அப்போதே வந்து, பிரிக்காமல் மூலையில் கிடந்தது. அளவுக்காரர் அட்டையைப் பிரித்தார். மச்சினன் ஜாக்கியை எடுத்துக் கொடுத்தான்.

நான் தையலைப் போட்டுவிட்டு அங்கே போனேன். "அண்ணே, அந்தப் புள்ள எதுக்கு வந்திருக்கான்னு தெரியுமில்ல?"

"தெரியும்."

"இன்னிக்கு என் சினேகிதிகிட்ட வாயத் திறந்துடுங்க. நாளைக்குன்னா ஆளு இருக்கமாட்டான்."

"சொல்லிடறேன் தங்கச்சி. இந்த முன்சக்கரம் முடியட்டும்."

முன்சக்கரம் முடிந்தது. ஸ்டியரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஒடிக்கச் சொல்லி, டயர் உரசுகிறதா என்று படுத்துக்கொண்டு பார்த்தார். நான் மறுபடி போனேன். "பின்சக்கரம் ஒண்ணு ஆகட்டும்" என்றார். பின்சக்கரத்தைக் கட்டைமேல் ஏற்றி நிறுத்தி, ஆர்ச்சில் இடிக்கிறதா என்று கையை விட்டுப் பார்த்தார். மேலுதட்டில் வியர்வை வழிந்தது. "உங்களுக்கு எத்தன சக்கரம் வேணும் அண்ணே? வண்டிக்கு நாலுதானே இருக்கு!" என்று நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டேன். டிரில்லைப் போட்டார். அந்தச் சத்தத்தில் யார் பேச்சும் கேட்காது.

கடைசிச் சக்கரத்தில், ஆர்ச்சுக்கும் பாடிக்கும் நடுவே இடைவெளி தெரியாமலிருக்க ரப்பர் பீடிங் வைத்து போல்ட்டை முடுக்கிக்கொண்டிருந்தபோது என் சினேகிதி கூடையோடு வந்தாள். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு பாப்பாவும் வந்திருந்தாள். ஜீப்பைப் பார்த்ததும் அம்மாவின் கால் நின்றுவிட்டது.

"அக்கா" என்றான் தம்பி.

அவள் புருஷனைப் பார்த்துத்தான் பேசினாள். "இந்த வண்டிக்கா வேலை செஞ்சுக்கிட்டு இருக்கீங்க?"

அளவுக்காரர் எழுந்தார். கையைத் துணியில் துடைத்தார். "நான் ஒண்ணு... அன்னிக்கு..." என்று ஆரம்பித்தார். சொல்லுங்கள் ஐயா, சொல்லித் தொலையுங்கள்!

அவள் அதற்குள் தம்பியின் பக்கம் திரும்பிவிட்டாள். அத்தனை மாதத்துக்குப் பிறகு அவன் முகத்தை நேராகப் பார்த்து, "அன்னிக்கு மாமா உன்கிட்ட மூடாம எடுக்காதேன்னு சொன்னாரா இல்லையா? இப்பவாவது உண்மையச் சொல்லுடா" என்றாள்.

தம்பி அளவுக்காரரைப் பார்த்தான். நானும் பார்த்தேன். அவர் பார்வை கையிலிருந்த ஸ்பேனரில் இருந்தது. தம்பி நெடுநேரம் காத்திருந்தான். அவன் காத்திருந்ததை நான் சாகிறவரைக்கும் மறக்கமாட்டேன்.

"சொன்னாரு அக்கா" என்றான். "நான்தான் கேக்கல."

நான் வாயைத் திறந்தேன். அவன் என்னைப் பார்த்து வேண்டாமென்று தலையசைத்தான். அட சத்தியமே, உன்னைக் கொண்டுபோய்க் குப்பையில் போட!

"கேட்டாச்சு. போ" என்றாள் என் சினேகிதி.

அவன் பாப்பாவின் தலையைத் தொடக் கையை நீட்டினான். அது அவளுக்குத் தெரியாத பக்கம். அவள் திரும்புவதற்குள் கையை எடுத்துக்கொண்டு வண்டியில் ஏறினான். பாப்பா தடவித் தடவி ஜீப்பின் பின்பக்கம் போய், புது ஆர்ச்சின் மேல் உள்ளங்கையை வைத்தாள்.

"அப்பா, இது அன்னிக்கு இருந்திருந்தா கல்லு இதுல பட்டுக் கீழ விழுந்திருக்கும், இல்லப்பா?"

"ஆமா பாப்பா" என்றார் அளவுக்காரர்.

ஜீப் மெதுவாகக் கிளம்பி வரிசையைத் தாண்டிப் போயிற்று. என் சினேகிதி கண்ணைத் துடைத்துக்கொண்டு கூடையைப் பிரித்தாள். தட்டை வைத்தாள். பரிமாறிக்கொண்டே என்னிடம் சொன்னாள்: "பெத்த பொண்ணு கண்ணப் பறிச்சவன்னு தெரிஞ்சும் வந்து நின்னதும் வேலை செஞ்சு குடுக்கிறாரு பாரு. ஒரு வார்த்தை கடிஞ்சு பேசல. இந்த மனசு யாருக்கு வரும் சொல்லு? இவரு இல்லன்னா நான் அப்பவே செத்திருப்பேன்."

நான் தண்ணீர்ச் செம்பை எடுத்து அவள் பக்கம் நகர்த்தி வைத்தேன்.

அளவுக்காரர் குனிந்து சாப்பிட்டார். "இன்னும் கொஞ்சம் போடவாங்க?" என்று கேட்டாள். அவர் தட்டை நீட்டினார்.