செருப்பில் ஒரு பட்டிழை

பட்டு நெசவாளரின் கைத்திறனைப் பலர் எழுதியுள்ளனர். அவர்தம் பிடிவாதத்தை எவரும் எழுதக் காணேன். ஆகவே இக்குறிப்பு.

பங்குனி மாதத்தில் ஒருநாள், வறண்ட பாலாற்றின் வழியே திருமுக்கூடல் கோயிலுக்குச் சிலர் நடந்தோம். மணற்கரைகள் இருபுறமும் சுவரென உயர்ந்திருந்தன. நண்பகலில் நடை சாத்திவிடுவர். பாதி வழியில் என் செருப்பின் வார் அறுந்தது, மணலோ கொதித்தது.

உடன்வந்த நெசவாளர் மெலிந்தவர். கையில் எது கிடைத்தாலும் இரு விரலால் திரித்துக்கொண்டேயிருப்பார். மடியிலிருந்த பட்டிழைகளை எடுத்து, தறியில் பழைய பாவின் நெடுக்கிழைகளோடு புதுப்பாவைப் பிணைப்பதுபோல், முடிச்சின்றி வாரை முறுக்கி இணைத்தார். சற்று நடந்ததும் அவிழ்ந்தது. மறுபடி முறுக்கினார், மறுபடி அவிழ்ந்தது.

"ஐயா காலு வெந்துக்கினு இருக்குது. ஒரு முடிச்சு போட்டாதான் இன்னாவாம்?" என்றார் அவர் மனைவி.

"முடிச்சு துருத்திக்கினு நிக்கும்மே."

"செருப்பை யாரு பாக்கப் போறா?"

"நான் பாப்பேன்ல?"

அம்மையார் செருப்பைப் பறித்து நெல்லிக்காய் அளவில் ஒரு முடிச்சிட்டார். நடை சாத்துமுன் சென்று வழிபட்டோம். நெசவாளர் மட்டும் முன்னதாகவே வெளியேறினார். நான் வந்து பார்க்கையில் முடிச்சு மறைந்து, வழவழப்பான முறுக்கு மின்னியது. அதை மிதிக்க மனமின்றிச் செருப்பைக் கையிலேந்திப் பேருந்தேறினேன்.

பாவு பிணைக்கும் முறையை நான் பிழைபட உரைத்திருப்பின் தறியறிந்தோர் திருத்தியருள்க. அவர் பிடிவாதத்தைத் திருத்த முனைவோர், அவ்விணைப்பு இன்றளவும் அவிழவில்லை என்பதையும் கருதுக. அச்செருப்பை நான் அணிவதில்லை என்பது வேறு.