பிறப்பிலேயே வருமாம்

பிரெஞ்சுக்காரர்கள் காரைக்காலை விட்டுப் போன மறுவருடம், மீனவர் குப்பத்திலிருந்து என் மகளைப் பள்ளியில் சேர்க்க அழைத்துப் போனேன். தலைமை ஆசிரியர் ஜன்னல் வழியாகக் குளத்தைக் காட்டினார்.

“அந்த வாத்துக் குஞ்சுக்கு யாரும்மா நீந்தக் கத்துக் கொடுத்தா? பொறப்புலேயே வருது. உங்க சனமும் அப்படித்தான். கடல் தானா வரும், படிப்பு ஏறாது.”

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

“எனக்கு நீச்சல் தெரியாதுங்க. எங்க அக்காவும் நீச்சல் தெரியாமத்தான் அரசலாத்துல முழுகிச் செத்தா. ஆம்பளப் புள்ளைங்களுக்குத்தான் கத்துக் கொடுத்தாங்க, எங்களுக்கு இல்ல. படிப்பையும் மொதல்ல சொல்லிக் கொடுங்க, அப்புறமா ஏறலைன்னு சொல்லுங்க.”

அவர் என் மகளின் பெயரைப் பதிவேட்டில் எழுதிக்கொண்டார்.

வெளியே வந்ததும் எனக்குச் சந்தோஷம் வரவில்லை. ஒரு பிள்ளையைப் பள்ளிக்குள் விடுவதற்கு, செத்துப்போன அக்காவைச் சாட்சிக்குக் கூப்பிட வேண்டியிருந்ததே என்ற கோபம் இன்றுவரை ஆறவில்லை.