பதிப்பாளர் கேட்ட மண்வாசனை

என் முதல் நாவல் போலந்தில் நடந்தது. நான் போலந்தைப் பார்த்ததில்லை. செங்கல்பட்டைத் தாண்டியதே இரண்டு தடவைதான். திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டில் கேட் பாஸ் போடும் வேலை எனக்கு. பழைய பேப்பர் கடையில் அந்த நாட்டுக் கதைகள் ஆங்கிலத்தில் கிடைத்தன; அகராதியோடு மல்லுக்கட்டிப் படித்தேன். கந்தகம் திணித்த ஆட்டைத் தின்றுவிட்டு, தாகத்தில் ஆற்றையே குடித்து வயிறு வெடித்துச் செத்த டிராகன் அதில் இருந்தது. அதை வைத்து, லாரிக்கும் லாரிக்கும் நடுவே, மூன்று வருடம் எழுதினேன். என் நாயகி செருப்புத் தைப்பவரின் மகள். டிராகனைக் கொல்வாள். ராஜா காட்டும் மாப்பிள்ளையை வேண்டாம் என்பாள். பனிக்காட்டைத் தாண்டிப் போவாள், திரும்பி வரமாட்டாள்.

எனக்கு அடுத்த மேஜையில் எடைச் சீட்டு போடும் வியாசர்பாடிப் பெண்தான் அதன் ஒரே வாசகி. சாப்பாட்டு நேரத்தில் ஒவ்வொரு அத்தியாயமாகப் படிப்பாள். அப்போது அவளுக்கு வீட்டில் மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“அக்கா, அவ கடசில எவனாண்டயும் மாட்டிக்க மாட்டால்ல? அத்த மட்டும் சொல்லிடு, மீதிய நானே படிச்சிக்கிறேன்.”

“மாட்ட மாட்டாடி.”

பதிப்பாளர் அடையாற்றில் ஏசி அறையில் இருந்தார். எங்கள் பக்கத்து எண்ணூரை அவர் வரைபடத்திலாவது பார்த்திருப்பாரா என்பது சந்தேகம்.

“நல்லா எழுதறீங்கம்மா. ஆனா போலந்து எதுக்கு? உங்க ஏரியாவுல இல்லாத கதையா? ஹீரோயின் நமக்கு நெருக்கமா இருக்கணும். மண்வாசனை வேணும்.”

மண்வாசனையாம். மணலி ஆலைகள் பக்கமிருந்து காற்று வீசும்போது ஒரு மணி நேரம் எங்கள் வாசலில் நாற்காலி போட்டு உட்காரட்டும், ஆயுசுக்கும் போதும்.

கையெழுத்துப் பிரதியைத் திருப்பித் தந்தார். ஓரிடத்தில் சிவப்பு மையில் வட்டம். ஆற்றுப் பேய் வருகிறது என்று கேள்விப்பட்டதும் நாயகியின் அம்மா கட்டில் கால்களுக்குக் கீழே செங்கல் வைத்து உயர்த்துவாள். பக்கத்தில் ‘நம்பும்படி இல்லை’ என்று எழுதியிருந்தார். என் வீடு சடையங்குப்பத்தில். மழை எச்சரிக்கை வந்தால், வெள்ளத்துக்குப் பயந்து நாங்கள் முதலில் செய்வது அதுதான். எனக்கே தெரியாமல் அது பனி நாட்டுக்குள் புகுந்துவிட்டது. தப்புதான். ஆனால் மண்வாசனை கேட்ட பெரிய மனுஷன், முந்நூறு பக்கத்தில் எங்கள் மண் இருந்த ஒரே இடத்தைப் பார்த்துத்தான் மூஞ்சியைச் சுளித்திருக்கிறார்.

அப்போதே பேப்பரைச் சுருட்டிக்கொண்டு வந்திருக்க வேண்டும். வரவில்லை. அட்டையில் என் பெயரைப் பார்க்க அவ்வளவு ஆசை. அவரை எவ்வளவு கேவலமாக நினைத்தேனோ, அதில் பாதியாவது என்னை நினைத்திருக்கலாம்.

இரண்டே மாதத்தில் மாற்றிக் கொடுத்தேன். பனி எண்ணூர் அனல்மின் நிலையச் சாம்பலானது. டிராகன் தொழிற்சாலையானது. நாயகி எர்ணாவூர் குடியிருப்பில் பிறந்து, பக்கத்து பிளாக் பையனைக் கட்டிக்கொண்டு, கடைசிப் பக்கத்தில் தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு நின்றாள். பதிப்பாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வெளியீட்டு விழாவில் ஒருவர் மைக்கில் “இன்னாமே” என்று இழுத்துப் பேசிக் காட்டிக் கைதட்டல் வாங்கினார். அந்த இளிப்போடு எங்கள் தெருவில் யாரும் பேசி நான் கேட்டதில்லை. முன்வரிசையில் உட்கார்ந்து நானும் சிரித்தேன், வெட்கங்கெட்டு.

மறுநாள் எடைச் சீட்டுப் பெண்ணுக்கு ஒரு பிரதி கொடுத்தேன். அதற்குள் அவள் கழுத்தில் புதுத் தாலி ஏறியிருந்தது. நாலு நாள் கழித்துப் புத்தகத்தை என் மேஜையில் கொண்டுவந்து வைத்தாள்.

“நல்லாத்தான் கீதுக்கா,” என்றாள். வெளியே லாரிக்காரன் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான். அவள் போகவில்லை.

“அவதான் அந்தக் காட்டத் தாண்டிப் போய்ட்டாளே. அவள ஏங்க்கா திருப்பி இங்கயே இட்டாந்த?”